கண்ணீர் அஞ்சலி, மீடியம் சைஸ்

தள்ளி உக்காருங்க தம்பி, ஜன்னலோரம் வெயிலடிக்குது. இல்லீங்க, வேண்டாம், நீங்களே இருங்க, நான் இக்கட்டாலயே, இந்த ஓரத்துலயே, உக்காந்துக்கறேன். தாராபுரம் வரைக்குமுங்களா? திண்டுக்கல்லா? சரி சரி. நான் குண்டடம் தாண்டி எறங்கிருவேன்.

கோவிச்சுக்காதீங்க, ஏறுனதுலருந்து உங்க நெஞ்சையே பாத்துட்டிருக்கறேன். நீங்க போட்டிருக்கற டீ-சர்ட்டைச் சொல்றனுங்க. எங்க வாங்குனீங்க? சென்னையில, கண்காட்சியிலயா? வெந்நித்தண்ணியில தொவச்சீங்களா? அதான் அந்த ரோசாப்பூ வெளுத்துப்போச்சு. உள்பக்கம் வெளிய திருப்பி, பச்சத்தண்ணியில தொவைக்கோணும்னு கழுத்துக்குள்ள எழுதியிருக்குது. ஒருத்தரும் படிக்கறதில்லை.

அந்தப் படத்துல இருக்கறானே, மேல ‘கண்ணீர் அஞ்சலி’ன்னு போட்டு, மூலையில ஒரு கண்ணு தண்ணி சொட்டற மாதிரி வெச்சு, நடுவுல முட்டை வட்டத்துக்குள்ள பல்லைக் காட்டிக்கிட்டு ஒருத்தன் நிக்கறானே, யாருன்னு தெரியுங்களா? சும்மா கற்பனையா வரைஞ்சதுன்னு நெனச்சீங்களா? நெறையப் பேரு அப்படித்தான் நெனைக்கறாங்க. அவன் பேரு லோகநாதன். லோகுன்னு கூப்புடுவோம். நாந்தான் அவனை அதுல போட்டது. போட்டப்ப அவன் உசுரோட, எனக்கு ரெண்டு தெரு தள்ளி இட்லி தின்னுட்டிருந்தான்.

என்ற பேரு பூபாலனுங்க. ‘வீம்பு’ன்னு கழுத்துல இருக்குதே, அது எங்க லேபிள்தான். கம்பெனின்னு பெருசா நெனைச்சுக்காதீங்க. திருப்பூர்ல ஒரு வாடகைச் செட்டு, ரெண்டு பிரிண்டிங் டேபிள், நானு, லோகு, பிரிண்ட் அடிக்க ரெண்டு ஆளு. அவ்வளவுதான். ஊரே வெளிநாட்டுக்காரன் குடுக்கற படத்தை அடிச்சு அனுப்பறப்ப, நாம நம்ம படத்தை அடிப்போம்னு ஆரம்பிச்சோம். ஆறு வருசம்.

எல்லாரும் கேப்பாங்க, இந்த டிசைனுக்கெல்லாம் எது இன்ஸ்பிரேஷன்னு. நான் ஒளிச்சு மறைச்சுப் பேசற ஆளில்லீங்க. என்னைய ஒருத்தன் சீண்டுனா நான் அடிக்க மாட்டேன், திருப்பிப் பேசவும் மாட்டேன். பனியன்ல போட்டுருவேன். அவ்வளவுதான் இன்ஸ்பிரேஷன். ஒரு குழாய், அதுல ஒரு சொட்டு, பக்கத்துல ஒரு சுவிட்சு, சுவிட்சு மேல மோதிரம் போட்ட ஒரு வெரலு. பாத்திருக்கறீங்களா? எங்க மொத டிசைன். அது நான் குடியிருந்த வீட்டு ஓனரம்மா. நான் குளிக்கப் போனா மோட்டாரை அணைக்கும். அந்த மோதிரத்தைக்கூட அப்படியே வரைஞ்சேன். லோகு அதுக்குக் கீழ என்ன எழுதுனான் தெரியுங்களா, இணையத்துல போடறப்ப? ‘நகரத்தின் தாகம்’. தாகமாம்! எனக்கு உடம்பெல்லாம் சோப்பு, கண்ணெல்லாம் எரியுது, இவனுக்குத் தாகம்.

அப்பறம் ‘சாப்பாட்டு நேரம்’னு ஒண்ணு. கவுண்டர்ல யாருமே இல்லாம ஒரு நாற்காலி, நாற்காலி முதுகுல ஒரு துண்டு. அது என்னைய மூணு நாள் நடக்க வெச்ச ஒரு ஆபீஸ் கிளார்க்கு. அப்பறம் என்ற சித்தப்பன் மகன், ‘பனியன்ல பொம்மை போடறதெல்லாம் ஒரு தொழிலா’ன்னு கல்யாணப் பந்தியில வெச்சுக் கேட்டான். அவனை வாழையெலையில ஓரத்துல தள்ளி வெச்ச கறிவேப்பிலையாப் போட்டேன். அது தன்னையத்தான்னு தெரியாம அவனே ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டுச் சுத்தறான். சனங்க பாத்துட்டுச் சிரிக்கறாங்க. நான் யாரையும் சிரிக்க வைக்கறதுக்குப் போடலீங்க. வலிக்கோணும்னு போட்டேன்.

லோகு அப்படி இல்லை. அவனுக்கு யாரு மேலயும் கோவமே வராது. சாஞ்சு உக்காந்துக்கிட்டு, கண்ணுல பட்டதை வரைவான். எங்க செட்டு வாசல்ல கட்டிங் வேஸ்ட்டுத் துணியக் கொட்டி வெச்சிருப்போம். அது மேல ஒரு தெருநாய் சுருண்டு படுத்துத் தூங்கும். அதை வரைஞ்சான். அதான் எங்க நாய் டிசைன். அதை நான்தான் பண்ணுனேன்னு வெச்சுக்கங்க. கோடு அவன் போட்டான், நாயும் அவன் சோறு வெச்ச நாய்தான், ஆனா மஞ்சக் கலரு அடிக்கலாம்னு சொன்னது யாரு? நான். அந்த மஞ்சளுக்குத்தான் அது ஓடுச்சு.

போன வருசம் புரட்டாசி மாசம். தீபாவளிக்கு அடிக்க வேண்டிய நேரம். டேபிள் மேல பீஸெல்லாம் விரிச்சுக் கெடக்குது. லோகு வந்தான். உக்காரக்கூட இல்லை. ‘பூபாலா, நான் நாளையிலருந்து வரலைடா. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில வேலைக்குச் சேர்ந்துட்டேன்’னான். ‘ஏன்டா’ன்னேன். ‘மாசச் சம்பளம், பிடித்தம், ஈஎஸ்ஐ எல்லாம் இருக்குதுடா’ன்னான். ஈஎஸ்ஐ! ஆறு வருசத்துக் கனவை ஒருத்தன் ஈஎஸ்ஐ-க்கு விப்பானுங்களா? நீங்களே சொல்லுங்க. அவன் கதவுக் கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு நின்னான். மொகம் வீங்கியிருந்துச்சு. புது வேலைக் கொழுப்புன்னு நெனச்சுக்கிட்டேன். போயிட்டான்.

ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா, அவன் சேர்ந்த கம்பெனி அந்த நாயை எதோ வெளிநாட்டு ஆர்டருக்கு அடிக்குது. என்ற மஞ்சளோட!

அன்னிக்குத்தான் முடிவு பண்ணுனேன். இவன் எனக்குச் செத்துட்டான். செத்தவனுக்கு ஊர்ல என்ன பண்ணுவாங்க? சுவத்துல போஸ்டர் ஒட்டுவாங்க. நான் பனியன்ல ஒட்டுனேன்.

அந்தத் துளியத் தடவிப் பாருங்க தம்பி. மேடா நிக்குதுங்களா? அது மட்டும் தனி இங்க்கு, ஏழு தடவை மேல மேல ஏத்துனது. தோற்றம்னு போட்டிருக்கறது அவனோட நெசப் பொறந்த தேதி. மறைவுன்னு இருக்கறது அவன் என்ற செட்டை உட்டு வெளிய போன தேதி. கீழ பாருங்க, ‘வருத்தம் இல்லாத நண்பர்கள்’. அது எழுதறதுக்கு எனக்கு ரெண்டு நாளாச்சு. போட்டோ நாங்க ரெண்டு பேரும் கொடிவேரிக்குப் போனப்ப எடுத்தது. நான் என்னைய வெட்டிட்டேன். தோள் மேல ஒரு கை மட்டும் தெரியுது பாருங்க, அது என்ற கை. அதையும் வெட்டுனா அவன் தோளு போயிருது. சரி கெடக்குதுன்னு உட்டுட்டேன்.

மொத நூறு பீஸு விக்கறதுக்கு அடிக்கலீங்க. அவன் கம்பெனி வாசல்ல ஒரு டீக்கடை இருக்குது. டீ மாஸ்டருக்கு ஒண்ணு, வடை போடறவருக்கு ஒண்ணு, லோடு ஏத்தறவங்களுக்கு ஆளுக்கொண்ணு. தினமும் பொழுதோட சங்கு ஊதி ஆளுங்க வெளிய வர்றப்ப, லோகு தன்ற சாவையே பாத்துக்கிட்டு வரோணும். அதான் கணக்கு. நான் எதிர்க்க ஒரு மருந்துக்கடை ஓரமா நின்னு பாத்தேன். வந்தான். நின்னான். டீ மாஸ்டரோட நெஞ்சைக் குனிஞ்சு பாத்தான். அந்தத் துளிய வெரல்ல தொட்டான். தொட்டுட்டுச் சிரிச்சான் தம்பி! ஒரு டீ குடிச்சுட்டுப் போயிட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனா அடி வேற பக்கம் விழுந்துச்சு. யாரோ ஒரு பையன் அந்தச் சட்டையப் போட்டோ எடுத்து, எழுத்து பாதி தெரியற மாதிரி, சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டான். கண்ணீர் அஞ்சலி, லோகு மொகம், பொறந்த தேதி; மறைவுத் தேதி மடிப்புக்குள்ள போயிருச்சு. போதாதுங்களா? கார்த்திகை மாசம், ஒரு ஞாயித்துக்கெழமை காத்தால, ரெண்டு வேன் நெறைய ஆளுங்க கேதத்துக்கு வந்து எறங்கிட்டாங்க. பொம்பளைங்க தெருமொனையிலயே மாரடிச்சுக்கிட்டு வர்றாங்க. முன்னால லோகுவோட தாய்மாமன். நாட்ராயன்னு பேரு. கையில தாம்பாளம், அதுல கோடி வேட்டி, மாலை. கதவைத் தட்டுனா, தொறக்கறது யாரு? லோகு. பல்லு வெளக்கிக்கிட்டே ‘வாங்க மாமா, காப்பி குடிக்கறீங்களா’ங்கறான்.

ஏனுங்க, நான் சிரிக்காம என்ன பண்ணுவேன். டீ மாஸ்டர் வந்து சொல்லச் சொல்ல எனக்கு வயிறு வலிச்சுப்போச்சு. ஆனா அந்த நாட்ராயன் சிரிக்கலை. உசுரோட இருக்கற மருமகனுக்குக் கோடி எடுத்துட்டு வந்துட்டமேன்னு ஆளு ஆடிப்போயிட்டாரு. எங்க பக்கம் அது சாதாரணச் சங்கதி இல்லீங்க தம்பி. தாய்மாமன் கொண்டாற கோடி கடைசித் துணி. அதை ஒரு தடவைதான் கொண்டாறலாம். தாம்பாளத்தை அக்கா வாசல்லயே கவுத்துட்டு, ‘இந்த ஊட்டுப் படி இனி மிதிக்க மாட்டேன்’னு சொல்லிட்டு வேன்ல ஏறிட்டாரு.

அதுக்கு ஒரு வாரம் கழிச்சு லோகுவோட அம்மா என்ற செட்டுக்கு வந்துச்சு. வள்ளியம்மாள்னு பேரு. முப்பது வருசமா பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. கழுத்துல எப்பவும் நூல் வெட்டற ட்ரிம்மர் தொங்கும். சண்டைக்குத்தான் வருதுன்னு நான் தயாரா நின்னேன். என்ன பேசோணும்னுகூட எழுதி வெச்சிருந்தேன். அது பையிலருந்து அந்தச் சட்டையை எடுத்து டேபிள்ல விரிச்சுச்சு. கழுத்தை இழுத்துப் பாத்துச்சு. தோள்பட்டையில ஒரு நூலு நீட்டிக்கிட்டு இருந்துச்சு, ட்ரிம்மரால வெட்டிப் போட்டுச்சு.

‘ஏங்கண்ணு, கழுத்து ரிப்பு லூசா இருக்குது. ரெண்டு தொவைப்புல வாய் பொளந்துக்கும். இதைப் போய் எப்படி பாஸ் பண்ணுன?’

நான் எழுதி வெச்சிருந்த தாளை மடிச்சுப் பாக்கெட்டுல போட்டுட்டு, கழுத்தை இழுத்துப் பாத்தேன்.

அப்பறம் ஸ்டூல்ல உக்காந்து சொல்லுச்சு. ‘அவனுக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சு கண்ணு. ஆவணியிலயே சொல்லிட்டாங்க. வாரத்துக்கு மூணு வாட்டி ரத்தம் சுத்தம் பண்றாங்க. அந்த வேலையில சேர்ந்தா வைத்தியத்துக்கு ஆகும்னுதான் போனான். சோறே எறங்காம கெடந்தான். கேதத்துக்கு வேன் வந்துட்டுப் போச்சு பாரு, அதுக்கு மறுநாள்லருந்து சாப்புடறான். மொகத்துல தெளிவு வந்துருச்சு. செத்துட்டான்னு பொய்யாச் சேதி போனா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்கல்ல, நெசம்தான் கண்ணு. நீ இன்னும் அடி. ஊரு பூரா அடி. வெளியூருக்கெல்லாம் அனுப்பு. எம்பையன் செத்துட்டான்னு எல்லாரும் சொல்லட்டும்.’

சொல்லிட்டு என்ற கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்குச்சு.

என்ற கோவம் உங்களுக்குப் புரியுதுங்களா? நான் ஆறு வருசத் துரோகத்துக்குப் பழி வாங்கலாம்னு ஒண்ணு பண்ணுனா, அந்தம்மா அதை மருந்தாக்கிருச்சு. வீடு தேடி வந்து நன்றி சொல்லுது! அவன் என்னடான்னா, அதைத் தின்னு தெம்பாயிட்டிருக்கறான். என்ற பழியில அவன் உடம்பு தேறுது. இதைவிட ஒருத்தனைக் கேவலப்படுத்த முடியுமா?

நான் ஒரு வேலை பண்ணுனேன். சொல்றதுக்கு வெக்கமா இருக்குது, இருந்தாலும் சொல்றேன். அந்தம்மா போனதும் லோகு படம் அடிக்கற ஸ்கிரீனைத் தொட்டியில வெச்சு, மருந்து தெளிச்சு, தண்ணியப் பீச்சிக் கழுவிட்டேன். ஸ்கிரீனைக் கழுவிட்டா அந்தப் படம் போச்சு. லோகு மொகம் கரைஞ்சு வழிஞ்சு சாக்கடையில போச்சு. இனி ஒரு பீஸு அடிக்க மாட்டேன். ஆயுசு கூடறதுன்னா வேற எங்கயாவது கூட்டிக்கட்டும்.

மார்கழி முழுக்க அடிக்கலை. ஆர்டர் வந்துச்சு, இல்லைன்னுட்டேன். சென்னையிலருந்து கேட்டாங்க, இல்லைன்னுட்டேன். தை பொறந்து பத்து நாள் இருக்கும், டீ மாஸ்டர் சொன்னாரு, ‘லோகுவ மறுபடி ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்களாம், மூச்சு முட்டுதாம்.’ செட்டுக்கு வந்தேன். பழைய பைலைத் தொறந்தேன். புதுசா பிலிம் எடுத்து, ஸ்கிரீன் போட்டு, ரெண்டு ஆளையும் வரச் சொல்லி, ஒரே மூச்சுல ஐநூறு பீஸு அடிச்சோம். நீங்க போட்டிருக்கறது அதுல ஒண்ணுதான். கழுத்தைப் பாருங்க, ரிப்பு டைட்டா இருக்குதுங்களா? மாத்திட்டேன்.

பயந்துட்டேன்னு நெனைக்காதீங்க. எனக்கு இந்த ஆயுசு சமாச்சாரத்துல எல்லாம் நம்பிக்கை கெடையாது. அவன் போயிட்டான்னா நான் யாரு மேல கோவப்படறதுன்னு ஒரு யோசனை, அவ்வளவுதான். வீட்டு ஓனரம்மா, கிளார்க்கு, சித்தப்பன் மகன், இவங்கெல்லாம் ஒரு வாரக் கோவத்துக்குத்தான் ஆவாங்க. வருசக்கணக்கா வெச்சுக் கோவப்படறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா?

ஆஸ்பத்திரியிலருந்து வந்துட்டான். பாருங்க, வந்துட்டான். மாசி மாசம் ஒரு நாள் போன் பண்ணுனான். அவனாப் பண்ணுனான், நானில்லை.

‘டேய் பூபாலா, புதுசா அடிச்சிருக்கறியே, அதுல மீசை ஒரு பக்கம் எறங்கியிருக்குதுடா. ஸ்கிரீன் நகந்துருச்சு.’

‘அதைச் சொல்லத்தான் போன் பண்ணுனியா?’

‘ஆமா. வேற என்ன?’

‘உடம்புக்கு முடியலைன்னு எங்கிட்ட ஏன்டா சொல்லலை?’

அவன் மூச்சு உடற சத்தம்தான் கேட்டுச்சு. அப்பறம், ‘உங்கிட்டச் சொன்னா நீ அதையும் பனியன்ல போட்டுருவடா’ன்னான்.

நான் போனை வெச்சுட்டேன். எப்படியாப்பட்ட வார்த்தை தம்பி அது! நான் அப்படிப்பட்டவனா? அவன் மறுபடி கூப்புட்டு, சொன்னது தப்புன்னு சொல்லட்டும்னு இருந்தேன். பங்குனி போச்சு. சித்திரை, வைகாசி, ஆனி. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவனும் கூப்புடலை. நான் வீம்புக்காரன்னா, அவன் எனக்கு மேல. லேபிளுக்கு அந்தப் பேரு வெச்சதே அவன்தானுங்க.

இன்னிக்குக் காத்தால வள்ளியம்மா கூப்புட்டுச்சு. அழுகலை. செக்கிங்ல பீஸு எண்ணுற மாதிரி ஒண்ணொண்ணாச் சொல்லுச்சு. ‘கண்ணு, லோகு போயிட்டான். விடியக்காலம் அஞ்சேகாலுக்கு. எந்தம்பிக்கு போன் பண்ணுனேன். எத்தனை வாட்டிக்கா சாவான் உன்ற பையன்னு கேட்டுட்டு வெச்சுட்டான். அதுக்கப்பறம் எடுக்கமாட்டீங்கறான். போட்டோ எடுத்து அனுப்புனோம். அதுக்கும் அந்தப் பனியன்காரன் பண்ணுன வேலைன்னு எழுதியிருக்கறான். கல்யாணம் ஆகாதவன், மாமன் கோடி வராம எடுக்க முடியாது. நீயே போ. நீ பண்ணுனதுதான, நீயே போய்க் கூட்டிட்டு வா.’

அதாங்க தம்பி, போயிட்டிருக்கறேன். குண்டடம் தாண்டி ரெண்டாவது ஸ்டாப்பு, எறங்கி ஒரு மைல் நடக்கோணும்.

பாத்தீங்களா அவன் பண்ணுன வேலையை? நான் ராத்திரி பகலா யோசிச்சுப் பண்ணுன பழி எல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு ஆக்கிட்டான். ஒரு சொல்லு சொல்லலை, ஒரு படம் வரையலை, செத்து என்னைய அலைய உட்டுட்டான். இந்த ஆயுசு கெட்டின்னு ஒருத்தன் சொல்லி வெச்சிருக்கறானே மொதமொதல்ல, அவன் யாருன்னு தெரிஞ்சா அவனையும் பனியன்ல போடாம உடமாட்டேன். எவ்வளவு மனசு வெச்சு அடிச்சேன் தெரியுங்களா அந்த ஐநூறு பீஸை.

இல்லீங்க, கழட்டாதீங்க. பஸ்ஸுல எப்படிக் கழட்டுவீங்க. இருக்கட்டும். நல்ல துணி, ஒண்ணும் ஆகாது, பச்சத்தண்ணியில தொவைங்க. நீங்க அந்த ஊர்ல மட்டும் எறங்கிராதீங்க, அந்தாளு வெட்டிப்போடுவாரு.

எனக்கு அது பயமில்லீங்க. அவரு அடிச்சாலும் வாங்கிக்குவேன். அவரு மொகத்தைப் பாத்து அதைச் சொல்லோணுமில்ல, அதுதான். வாங்க மாமா, இந்தத் தடவை நெசம்னு எப்படிச் சொல்றது? காத்தாலருந்து சொல்லிப் பாக்கறேன், செட்டுலயும் சொல்லிப் பாத்தேன், பஸ் ஸ்டாண்டுலயும் சொல்லிப் பாத்தேன். வாயில வரமாட்டீங்குது. வந்தாலும் எனக்கே பொய் மாதிரிக் கேக்குது. ஒரு ஆளுகிட்டச் சொல்லிப் பாத்துட்டா பரவாயில்லைன்னு இருந்துச்சு. அதுக்குத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

குண்டடம் தாண்டிருச்சா? அடுத்த ஸ்டாப்புல எறங்கோணும், எந்திரிக்கறேன்.

ஏனுங்க தம்பி, லோகு செத்துட்டான்னு இப்பச் சொன்னனே, நம்பற மாதிரி இருந்துச்சுங்களா?